மின்மினியும் பாடவேறுபாடும்

தமிழ் பயிலும் மாணாக்கர் மின்மினியைப்பற்றி எழுதப் புகுந்தால், உவமையணியைப்பற்றியே எழுதுவர் என்று நம் கல்லூரி நண்பர் எதிர்பார்ப்பர். அச்சிற்றுயிரின் உடலினுள் ஒளி பிறக்கும் வகையையும், அவ்வொளியை ஆக்கும் மரபணுவின் வேறுபாடுகளையும் ஆராய்தல் விலங்கியல் மாணாக்கர்க்கே உரிய வேலை என்று சிலர் கூறவுங் கூடும். யாம் அங்ஙனம் கருதவில்லை. ஓரெழுத்து மாறினால் பொருள் எவ்வாறு மாறும் என்பதும், ஒரு நூலின் பலவேறு ஏடுகளை ஒப்புநோக்காது அதன் மெய்வடிவம் காண்டல் அரிது என்பதும் தமிழ் கற்பார் நாள்தோறும் எதிர்ப்படும் செய்திகள் ஆகும். மின்மினியின் செய்தியும் அதுவே. ஆகலின், இப்பொருள்பற்றி எமது கருத்தைக் கூற எமக்கும் உரிமை உண்டு என்க.

மின்மினி நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. மழை பெய்யும் நள்ளிரவில் மின்மினிகள் நெருங்கிச் சூழ்ந்த ஒரு கறையான் புற்றினை அகநானூற்றின் 72-ஆம் பாட்டு நமக்குக் காட்டுகின்றது. ஆண் கரடியொன்று அப்புற்றைத் தோண்டிக் கறையானின் கூட்டைத் தேடுகின்றது. அப்பொழுது சிதறும் மின்மினிகள் உலைக்களத்துத் தீப்பொறிபோல் ஒளிர, அக்கரடி இரும்பு வேலை செய்யும் கொல்லனைப்போலத் தோன்றிற்றாம். காட்டைக் கண்ட புலவர்க்கு உலைக்களம் நினைவிற்கு வந்தது.

இன்று காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையிலே நிலைமை தலைகீழாய் நிற்கின்றது. 'இரும்' என்னும் சொல் பெருமையையும் கருமையையும் குறிக்கும். ஆகவே, பெருங்காடு என்றோ கருங்காடு என்றோ அவ்வூர்ப்பெயரின் முற்பகுதிக்குப் பொருள் கொள்ளலாம். ஆயினும், அங்கே இன்று காண்பது காடன்று, இரும்பே. 1990-ஆம் ஆண்டுகளில் சிப்காட் தொழிற்பூங்கா அங்கே அமைந்தது. 1998 முதல் ஹூண்டாய் நிறுவனத்தின் மோட்டார் வண்டிகள் அவ்விடத்திலிருந்து வெளிவருகின்றன. ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரையிலும் ஆலைகளும் கிடங்குகளும் அகன்ற சாலைகளும் பரவிவிட்டன. புலவர் உவமையாகக் கண்ட கொல்லன் உலை மெய்யாகவே வந்துவிட்டது. மின்மினியோ இனி உவமையளவில் நின்றுவிடுமோ என்று அஞ்ச வேண்டியதாயிற்று. முன்னாளில் ஏரிக்கரை வேலிதோறும் விளக்கேற்றினாற்போல் இருந்தது என்றும், இக்காலத்துப் பிள்ளைகள் அதனைப் புத்தகத்தில்தான் காண்கின்றனர் என்றும் அப்பக்கத்து முதியோர் எம்மிடம் கூறுவதுண்டு.

"மறைந்தால் மறையட்டுமே, ஒரு பூச்சி இல்லாவிடின் உலகம் நின்றுவிடுமா?" என்று வினவுவோர் உளர். அவர்க்கு விடை கூறுமுன், மின்மினி ஒளிரும் வகையைச் சிறிது உணர்தல் வேண்டும்.

விறகு எரியும்போது ஒளியினும் வெப்பமே மிகும். மின்மினியின் ஒளியோ தண்ணொளி. அதன் வயிற்றின் கடைக் கணுக்களில் லூசிபெரின் என்னும் ஒரு பொருள் உண்டு. லூசிபெரேஸ் என்னும் நொதியின் துணையால் அது உயிரணுக்களின் ஆற்றற் சரக்காகிய ஏ.டி.பி.யோடு கூடிப் பின் பிராணவாயுவை ஏற்று மாறுகின்றது. அம்மாற்றத்தில் எழும் ஆற்றல் வெப்பமாய் வீணாகாது ஒளியாய் வெளிப்படுகின்றது. இப்பெயர்களைக் கேட்ட அளவில் நம் கல்லூரியார் சிலர் திடுக்கிடவும் கூடும். 'லூசிபர்' என்பது இலத்தீனில் ஒளி தாங்கி என்றும் விடிவெள்ளி என்றும் பொருள்படும் நல்ல சொல்லே ஆதலின், அச்சம் வேண்டா. ரபேல் துய்புவா என்னும் பிரெஞ்சு அறிஞர் 1887-இல் இப்பெயர்களை இட்டார். அதே 1887-ஆம் ஆண்டில்தான் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார். இவ்விரண்டும் ஓராண்டில் நிகழ்ந்தது தற்செயலே. எனினும், பின்வரும் கருத்திற்கு அஃது எமக்குத் துணையாய் நிற்கின்றது.

ஏ.டி.பி. இன்றி மின்மினி ஒளிராது என்பதை 1947-இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் மக்எல்ராய் கண்டறிந்தார். அவர் தம் ஆராய்ச்சிக்கு வேண்டிய பூச்சிகளை, நூற்றுக்கு இவ்வளவு காசு என்று சிறுவர்க்குக் கொடுத்துப் பிடித்துவரச் செய்தனர். 1985-இல் அமெரிக்க மின்மினியின் லூசிபெரேஸ் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. மறு ஆண்டே அம்மரபணுவை ஏற்ற புகையிலைச் செடியொன்று, லூசிபெரின் கலந்த நீரைப் பெற்று இருளில் ஒளிர்ந்தது. அதன்பின், ஆராய்ச்சிக்கென மின்மினியைப் பிடிக்கவேண்டும் என்னும் தேவையே பெரிதும் ஒழிந்தது. நுண்ணுயிரிகளே அந்நொதியை வேண்டுமளவு செய்து தருகின்றன.

அந்நொதியால் மக்கள் பெற்ற பயன் சிறிதன்று. உயிருள்ள பொருளிலெல்லாம் ஏ.டி.பி. உண்மையின், உணவு செய்யும் ஆலைகளில் கழுவிய கலத்தைத் துடைத்தெடுத்த பஞ்சில் இந்நொதியைச் சேர்த்து, ஒளி எழுகின்றதா என்று பார்த்து, அழுக்கும் கிருமியும் எஞ்சியுள்ளனவா என்று சில நொடிகளில் அறிகின்றனர். காசநோய்க் கிருமியைப் பற்றும் ஒரு வைரஸினுள் இம்மரபணுவைப் புகுத்தி, அக்கிருமிகளை ஒளிரச்செய்யும் முறை 1993-இல் வெளியிடப்பட்டது. மருந்திட்ட பின்னும் ஒளி தோன்றுமாயின் கிருமி சாகவில்லை, மருந்து பயன்படவில்லை என்பது புலனாகும். பல கிழமைகள் காத்திருந்து அறியவேண்டியதைச் சில நாட்களில் அறிதற்கு இது வழியாயிற்று. சென்னைச் சேத்துப்பட்டில் 1956-இல் தோன்றிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தாரும் இவ்வொளி முறையை ஆராய்ந்தனர். நம் நாட்டு ஏழை நோயாளர்பொருட்டு மின்மினியின் எழுத்தொன்று சென்னையிலே வேலை செய்தது என்பது நாம் மறவாது வைத்தற்குரியது.

நிற்க. மரபணு என்பது நான்கெழுத்தால் எழுதப்பட்ட ஒரு சுவடி எனலாம். அச்சுவடியைப் படித்தே உயிரணு புரதத்தைச் செய்கின்றது. அமெரிக்க மின்மினியின் லூசிபெரேஸ் 550 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. ஜப்பானியரின் கெஞ்சி மின்மினியுடையது 548 கோத்தது. இம்மாலையில் ஒரு மணி மாறினால் என்னாகும்? 1991-இல் கஜியாமா, நகானோ என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர் இதனைச் செய்து காட்டினர். கெஞ்சி மின்மினியின் நொதியில் 286-ஆம் இடத்தில் நிற்பது செரின். அதற்கு ஈடாக அஸ்பரஜின் வந்தால், மஞ்சள் கலந்த பச்சை ஒளி சிவப்பாகிவிடுகின்றது! அலைநீளம் 562 நானோமீட்டரினின்று 607-க்கு ஏறிற்று. ஐந்நூற்று நாற்பத்தெட்டில் ஒன்றே மாறியது, நிறமே வேறாயிற்று. 'கரி'யில் ஓரெழுத்தைத் திருத்தினால் 'பரி' ஆகி, யானை குதிரையாவதைக் கண்டு வியக்கும் நமக்கு இது விளங்காத செய்தியன்று.

இவ்வேறுபாடு ஆராய்ச்சிச்சாலையில் மட்டும் நிகழ்வதும் அன்று. ஜமைக்காத் தீவிலே ஒளிரும் ஒருவகைச் சொடுக்கு வண்டு உண்டு. அவ்வோரினத்துள்ளேயே பச்சை ஒளியுடையனவும், மஞ்சள் ஒளியுடையனவும், ஆரஞ்சு நிற ஒளியுடையனவும் காணப்படுகின்றன. அவ்வேறுபாடு அவற்றின் லூசிபெரேஸ் மரபணுவின் எழுத்து வேறுபாட்டால் வந்தது என்றும், இயற்கைத் தேர்வு அங்கே ஆரஞ்சு நிறத்தை வளர்த்துவருகின்றது என்றும் 2003-இல் அறிஞர் நிறுவினர். ஆனால், அமெரிக்காவிற் பரந்து வாழும் மின்மினியின் நிறமும் இடத்திற்கிடம் சிறிது வேறுபடுகின்றதே, அதற்கும் காரணம் இதுதானோ எனின், அன்று. 2018-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, புரதத்தின் மணியை மாற்றும் எழுத்து வேறுபாடு அந்நிற வேறுபாட்டிற்குக் காரணமாகவில்லை என்று காட்டிற்று. ஓரிடத்தில் உண்மையாவது மற்றோரிடத்தில் உண்மையாகாது. ஜமைக்காவை வைத்து அமெரிக்காவை அறிய இயலாதாயின், அமெரிக்காவை வைத்துச் ஸ்ரீபெரும்புதூரை அறிவது எங்ஙனம்? அந்தந்த நிலத்து உயிரை அந்தந்த நிலத்திலேதான் கற்கவேண்டும்.

இங்கேதான் ஏட்டுச்சுவடியின் உவமை எமக்குப் பயன்படுகின்றது. சாமிநாதையர் ஓர் ஏடு கையிற் கிடைத்தவுடன் அதனை அப்படியே அச்சிற்கு அனுப்பினார் அல்லர். ஊரூராய் அலைந்து, வீடுதோறும் இரந்து, கறையான் அரித்ததும் பூச்சி துளைத்ததுமாகிய ஏடுகளைத் தேடி ஒப்பிட்டார். ஏன்? ஓர் ஏட்டிற் சிதைந்தது மற்றோர் ஏட்டில் நிற்கும். ஓர் ஏட்டின் பிழையை மற்றோர் ஏடு காட்டும். பாடவேறுபாடு என்பது நூலுக்கு வந்த குறையன்று. அந்நூல் பலரிடத்தும் வாழ்ந்தது என்பதற்குச் சான்று. ஒரே ஏடாய் எஞ்சிய நூல் அழிவிற்கு அணித்தாய் நிற்கும் நூலே.

இவ்வுவமை எமது கற்பனையளவில் நிற்பதன்று. 2020-இல் ஜப்பானியச் சூபு பல்கலைக்கழகத்து ஓபா முதலியோர், இன்று வாழும் பலவகை மின்மினிகளின் லூசிபெரேஸ்களை ஒப்பிட்டு, ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மூதாதை மின்மினியின் நொதி இவ்வாறிருந்திருக்கும் என்று கணித்து, அதனைச் செய்தும் பார்த்தனர். அது பச்சை ஒளி வீசிற்று. பாடவேறுபாடுகளைத் தொகுத்து மூலபாடங் காணும் பதிப்பாசிரியரின் வேலையன்றோ இது? பல ஏடுகள் இருந்தமையால் அல்லவா இது கைகூடிற்று?

இனி, முதலில் எழுந்த வினாவிற்கு வருவோம். "மரபணு ஆராய்ச்சிச்சாலையில் உறைகுளிரிற் பத்திரமாய் இருக்கின்றது, ஆகவே காட்டிலுள்ள பூச்சி போனால் என்ன?" என்பது கற்றவர் சிலரின் வாதம். எமது விடை இது: ஆராய்ச்சிச்சாலையில் இருப்பது ஓரிரண்டு ஏடுகளே. அமெரிக்க வயலில் எழுதப்பட்ட ஏடு அங்கே உண்டு. ஜப்பானிய ஆற்றங்கரையில் எழுதப்பட்ட ஏடும் உண்டு. நம் ஏரிக்கரையின் வெப்பத்திலும், ஐப்பசி மழையிலும், பங்குனி வறட்சியிலும் தலைமுறை தலைமுறையாய்த் திருத்தி எழுதப்பட்ட ஏட்டை அவற்றிற்கு ஈடாகக் கொள்ளுதல் எங்ஙனம்? சூட்டைத் தாங்கும் நொதி வேண்டும் என்று அறிஞர் செயற்கையாய் எழுத்தை மாற்றி மாற்றிப் பார்க்கின்றனர். வெயில் மிக்க நிலங்களில் இயற்கையே நெடுங்காலம் எழுதிப் பார்த்த சுவடிகளை நாம் படியாமலே கொளுத்திவிடுதல் அறிவுடைமையாகுமா?

மற்றொரு வாதமும் உண்டு: "இங்கே அழிந்தால் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து விடலாமே" என்பது. ஜப்பான் இதற்கும் பாடம் கற்பிக்கின்றது. அந்நாட்டுக் கெஞ்சி மின்மினி கீழ்ப்பகுதியில் ஏறத்தாழ நான்கு நொடிக்கு ஒருமுறையும், மேற்பகுதியில் இரண்டு நொடிக்கு ஒருமுறையும் மின்னும். அவற்றின் மரபும் வேறு வேறு. இவ்வேறுபாட்டைப் பாராது, காட்சிக்கென மேற்பகுதிப் பூச்சிகளை நாகானோவைச் சேர்ந்த தட்சுனோ முதலிய இடங்களில் கொண்டுவந்து விட்டனர். விளைவு யாது? அவ்விடத்திற்கே உரிய பழம் மின்மினிக்கு வந்தேறியே பகையாயிற்று. விளக்கு நிறைந்தது, ஏடு தொலைந்தது. ஒரு நூலின் இடையே அழிந்த பகுதியை வேறொரு நூலின் செய்யுளால் நிரப்பிவிட்டு, நூலைக் காப்பாற்றினோம் என்று மகிழ்வது போன்றதே இது.

நம் தமிழ்நாட்டிலும் ஏடுகள் முற்றும் அழிந்துபோகவில்லை. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்திலே எண்ணிறந்த மின்மினிகள் ஒருங்கு கூடி, மரத்திற்கு மரம் ஒத்து மின்னிய காட்சியை வனத்துறையாரும் ஸ்ரீராம் முரளி என்பாரும் பதிவு செய்து வெளியிட்டனர். அவை அப்ஸ்காண்டிட்டா என்னும் பேரினத்தைச் சேர்ந்தன என்பர். காப்பகத்தின் உள்ளே இருள் இன்னும் இருளாக இருத்தலின் அவை வாழ்கின்றன. ஆனால் காப்பகத்திற்கு வெளியே, மக்கள் வாழும் சமவெளியில், ஏரியும் வயலும் ஆலையும் கலந்த ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில், இருளைக் காப்பவர் யார்?

இருளும் ஒரு செல்வமோ என்று நகைப்பர். மின்மினிக்கு இருளே வாழ்வு. ஆண் பறந்துகொண்டே மின்னும். பெண் புல்லிலோ புதரிலோ இருந்து மறுமொழியாய் மின்னும். இவ்விருவர் உரையாடலே அவ்வினத்தின் திருமணம். சுற்றிலும் வெண்ணிற விளக்கு இரவைப் பகலாக்கினால், ஒருவர் மொழி மற்றொருவர்க்குப் புலப்படாது. சந்தைக் கூச்சலின் நடுவே மெல்லப் பேசுவார் நிலையே அவற்றின் நிலை. 2020-இல் பல நாட்டு அறிஞரைக் கேட்டுத் தொகுத்த ஆய்வொன்று, மின்மினிக்கு நேரும் கேடுகளுள் வாழிடம் அழிதல், செயற்கை ஒளி, பூச்சிமருந்து என்னும் மூன்றையும் முன்வைத்தது. மின்மினியின் புழு ஈரமண்ணில் வாழ்ந்து நத்தை முதலியவற்றைத் தின்று வளர்வது. ஆகவே, ஏரிக்கரையைச் சிமெண்டால் மூடி, கால்வாயைத் தூர்த்து, சருகைக் கூட்டி எரித்து, எஞ்சியதன்மேல் விளக்கையும் நட்டால், அப்புழுவிற்கு இடமும் இல்லை, இரையும் இல்லை. வளர்ந்தால் துணையும் இல்லை.

இங்கே யாம் ஒன்றைத் தெளிவாய்க் கூறக் கடமைப்பட்டுள்ளோம். தொழிற்சாலைகளை யாம் பழிக்கவில்லை. வேலையின்றி வாடிய பல குடும்பங்களில் அடுப்பெரியச் செய்தவை அவை. நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் அங்கே உழைக்கின்றனர். நம் வகுப்புத் தோழர் சிலரின் கல்விச்சம்பளம் அங்கிருந்தே வருகின்றது. இரவு முறை முடிந்து பஸ்ஸிற்கு நடந்து செல்லும் பெண்களுக்கு விளக்கில்லாத சாலை எத்துணைத் துன்பம் என்பதையும் அறிவோம். மின்மினியின்பொருட்டு அவர் இருளில் நடக்கவேண்டும் என்பார் உளராயின், அவர் கூற்றை முதலில் மறுப்பவர் யாமே ஆவோம்.

ஆயின், சாலைக்கு விளக்கு வேண்டும் என்பதும், ஏரிக்கு விளக்கு வேண்டும் என்பதும் ஒன்றல்ல. மேலும் பக்கமும் சிந்தும் ஒளியால் நடப்பவர்க்குப் பயன் இல்லை. கண் கூசுவதே மிச்சம். விளக்கின்மேல் மூடியிட்டு ஒளியைச் சாலையின்மேல் மட்டும் வீழச் செய்யலாம். ஏரிக்கரையையும் கால்வாய் ஓரத்தையும் பார்த்து நிற்கும் விளம்பரப் பலகைகளை நள்ளிரவில் அணைக்கலாம். ஆலை வேலிக்குள் வளர்க்கும் பசுஞ்சோலையில் ஒரு மூலையையேனும் ஈரமும் சருகும் இருளும் கலந்த இயற்கையாய் விட்டுவைக்கலாம். அம்மூலையில் மருந்து தெளியாது இருக்கலாம். இவற்றால் எவர் வேலையும் போகாது. எந்த வண்டியின் விலையும் ஏறாது. மின்கட்டணமும் சிறிது குறையும்.

நம் கல்லூரி செய்யத்தக்கது யாது? 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைதல் வேண்டும். அவ்வூர் உயிர்களையும் அவைபற்றி மக்கள் அறிந்தவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். இப்பதிவேட்டில் இருங்காட்டுக்கோட்டையின் மின்மினியும் ஒரு வரி பெறட்டும். விலங்கியல் மாணாக்கரும் தமிழ் மாணாக்கரும் ஒரு குழுவாய்ச் சேர்ந்து, மழைக்காலத்து மாலைகளில் ஏரிக்கரைகளில் நடந்து, எங்கே எத்தனை கண்டோம், எத்தனை நொடிக்கு ஒருமுறை மின்னிற்று, ஒளி பச்சையா மஞ்சளா என்று கைக்கடிகாரத்தை வைத்துக் குறித்து வரலாம். பூச்சியைப் பிடித்துப் புட்டியில் அடைக்கவேண்டுவதில்லை. மரபணுவைப் படிக்கும் நுட்பமான வேலையை அதற்குரியார் முறைப்படி இசைவு பெற்றுச் செய்வர். ஒரகடத்தின் வழியே செல்லும் சாலையின் ஒரு முனையாகிய வண்டலூரிலேயே வனத்துறையின் உயர்நிலை வனவுயிரினப் பாதுகாப்பு நிறுவனம் இருக்கின்றது. எங்கே தேடவேண்டும் என்று அவர்க்குச் சொல்லத்தக்க குறிப்பை நாம் அளித்தால், அதுவே பெருந்துணை.

தமிழ் மாணாக்கர்க்கென வேறொரு வேலையும் உண்டு. மின்மினியை அவ்வூர்க் கிழவியர் எப்பெயரால் அழைத்தனர், அதுபற்றி என்ன விடுகதை போட்டனர், அது மிகுந்தால் மழை வரும் என்றனரா வராது என்றனரா என்பனவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பூச்சி மறைந்த ஊரில் அதன் பெயரும் ஒரு தலைமுறையில் மறையும். அப்பெயரொடு சேர்ந்து அவ்வுவமையும் மறையும். பின்னர் அகநானூற்றுக் கரடியைப்பற்றிப் படிக்கும் மாணாக்கன், மின்மினிக்கும் உரைகாரரைத் தேடவேண்டியவனாவான். சொல்லையும் உயிரையும் தனித்தனியே காத்தல் இயலாது என்பது எமது துணிபு.

முன்னாளில் ஆடிப்பெருக்கன்று எத்தனையோ ஏட்டுச்சுவடிகள் ஆற்றில் விடப்பட்டன. விட்டவர் தீயவர் அல்லர். தம் வீட்டில் இருந்தது இன்னதென்று அறியாதவர். எஞ்சியவற்றைத் தேடிக் காத்தவரை நாம் இன்று போற்றுகின்றோம். ஆற்றில் விட்டவரை நினைத்து வருந்துகின்றோம். நம் காலத்தார்க்கு அவ்வறியாமையும் ஒரு சாக்காக இயலாது. ஓரெழுத்தில் ஒரு நிறம் அடங்கியுள்ளது என்று நாம் கற்றுவிட்டோம். கற்றபின் நிற்கவேண்டிய நெறி எது என்பதை நம் கல்லூரி நண்பர் ஆராய்வாராக; வரும் மழைக்காலத்திலேயே அதனைத் தொடங்குவாராக.